பட்டியலில் ஒரே ஒரு பெயர்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஆரணி தலை முழுகிவிட்டு ஈரத் துவாயைத் தலையில் சுற்றிக்கொண்டு நின்றபோது கதவு மணி அடித்தது. வெளியே மூன்று பொலிஸ்காரர்கள். அதில் ஒருவர் பெண். முன்னால் நின்ற இன்ஸ்பெக்டரின் கையில் ஒரு தாள் இருந்தது. தாள் முழுவதும் வெறுமையாகக் கிடக்க, நடுவில் ஒரேயொரு வரி அச்சாகியிருந்தது. ஒரு பெயர், ஒரு முகவரி, ஒரு பதிவு இலக்கம்.

"மே ஒயாகே நம நேத?" இது உன்னுடைய பெயர்தானே என்று சிங்களத்தில் கேட்டு, தாளை அவள் பக்கம் திருப்பினார்.

அவளுடைய பெயர்தான். "ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டு, "ஒவ்" என்று சிங்களத்தில் திருத்திக்கொண்டாள்.

இருபது நிமிடத்தில் அவளுடைய ட்ரோன், றிமோட், பற்றரிகள், மடிக்கணினி, கைபேசி எல்லாம் ஒரு அரிசிச் சாக்குக்குள் போயின. ட்ரோனின் கமராவை மூடும் பிளாஸ்டிக் மூடியைப் போடாமலே சாக்குக்குள் திணித்தார்கள். "அதைக் கொஞ்சம் மெதுவாக வையுங்கள்" என்று ஆரணி சிங்களத்தில் சொன்னாள். பெண் பொலிஸ் அவளைப் பார்த்த பார்வையில் அருவருப்பு இருந்தது. அது ஏன் என்று அந்த நேரம் ஆரணிக்கு விளங்கவில்லை. ஸ்டேஷனில்தான் விளங்கியது.

கொழும்பு வெள்ளவத்தையை அடுத்த பாமன்கடையில் பெண்கள் தங்கும் ஒரு போர்டிங் வீடு இருக்கிறது. உடுப்புக் கடைகளில் வேலை செய்கிற பெண்கள் பதினான்கு பேர். மூன்றாம் மாடிக்கு மேலே மொட்டைமாடி. தண்ணீர் கீழே வராத நாட்களில் அங்கேயுள்ள தாங்கியடியில்தான் குளிப்பார்கள். சுற்றிலும் உயரமான கட்டிடம் எதுவும் இல்லை. நான்கு பக்கமும் சேலை கட்டி மறைத்திருந்தார்கள். மேலே மறைக்க யாருக்கும் தோன்றவில்லை. மேலேயிருந்து யார் பார்க்கப் போகிறார்கள்? அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு ட்ரோன் பார்த்தது. பார்த்ததைப் படம் பிடித்தது. பதினெட்டு விநாடி வீடியோ ஒன்று வட்ஸ்அப்பில் வெள்ளவத்தை முழுக்கச் சுற்றியது. அதில் முகம் தெளிவாகத் தெரிந்த பெண்ணின் பெயர் அனுஷியா. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து நான்கு வருடமாகக் கடையில் நிற்பவள்.

அனுஷியா முறைப்பாடு கொடுத்தாள். பொலிஸ் நிலையத்திலிருந்து ட்ரோன்களைப் பதியும் கந்தோருக்கு, இந்தப் பகுதியில் யாரிடம் ட்ரோன் இருக்கிறது என்று கேட்டு எழுதினார்கள். பதிலாக வந்ததுதான் அந்தத் தாள். அந்தப் பகுதியில் ட்ரோன் வைத்திருந்த எத்தனையோ பேரில், அதைச் சட்டப்படி பதிந்திருந்தவள் ஆரணி ஒருத்திதான்.

ஆரணிக்கு முப்பத்தெட்டு வயது. தொண்ணூற்றாறில் தாய் நேசமலரோடும் தகப்பன் நமசிவாயத்தோடும் சாவகச்சேரியிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்தபோது ஒன்பது. அந்த நாட்களில் கொழும்பில் தமிழ் வீடுகளில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிய வேண்டும். நமசிவாயத்துக்குச் சிங்களம் எழுத வராது. பள்ளிக்கூடத்தில் சிங்களம் படித்துக்கொண்டிருந்த ஆரணிதான் படிவங்களை நிரப்பினாள். வீட்டைச் சோதிக்க ஆமி வரும்போதெல்லாம் நேசமலர் முதலில் நீட்டியது அந்தப் பதிவுத் துண்டைத்தான். அவர்கள் அதைப் பார்ப்பார்கள், ஆட்களை எண்ணுவார்கள், போய்விடுவார்கள். பதியாமல் வந்து தங்கிய ஒரு பெரியம்மா மகனை மட்டும் கொண்டுபோய் ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். பதிந்திருந்தால் பயமில்லை என்பது அந்த வயதிலேயே ஆரணியின் எலும்புக்குள் இறங்கிவிட்டது.

நில அளவை படித்தாள். ஒரு நிறுவனத்தில் ஒன்பது வருடம் வேலை செய்தாள். தகப்பன் இறந்த பிறகு சொந்தமாகத் தொழில் தொடங்கினாள். கடற்கரையோரத் தொடர்மாடிகள் உப்புக் காற்றில் சீக்கிரமே சொறி பிடித்துப் போகும். உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கி, கொங்கிறீற்றைப் பெயர்த்துத் தள்ளும். எந்த மாடியில், எந்த மூலையில் வெடிப்பு, எங்கே ஒழுக்கு என்று ட்ரோனை அனுப்பிப் படமெடுத்து அறிக்கை கொடுப்பதுதான் அவளுடைய வேலை. கூட இருந்தவர் மருதானை ரிம்ஸான். ஐம்பது வயது. கயிற்றில் தொங்கிச் சுவருக்குப் பெயின்ற் அடித்தவர். கயிறு சறுக்கி இடுப்பு உடைந்த பிறகு ஏறுவதை விட்டுவிட்டார். ட்ரோன் பறக்கும்போது ஆரணி திரையைப் பார்ப்பாள், ரிம்ஸான் வானத்தைப் பார்ப்பார். காகம், பட்டக்கயிறு, மின்கம்பி எதுவென்றாலும் அவருடைய சத்தம் முதலில் வரும்.

ட்ரோனை வாங்கிய கிழமையே பதிந்தாள். ஓட்டுவதற்கான பரீட்சை எழுதினாள். ஒவ்வொரு முறை பறப்பதற்கு முன்பும் அனுமதி எடுத்தாள். பறக்கும் நாளையும் நேரத்தையும் எழுதி, வீட்டுக்குக் கிட்டிய பொலிஸ் நிலையத்தில் முன்கூட்டியே கொடுத்தாள். எந்த ட்ரோன், எங்கே, எவ்வளவு உயரத்தில் என்று விநாடிக்கு விநாடி அறிவிக்கிற கருவியைப் பொருத்தச் சொன்னபோது, அதையும் பொருத்தினாள். கலியாண வீடுகளுக்குப் படமெடுக்கும் பொடியன்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். "அக்கா, ஆர் இதெல்லாம் செய்யினம்?" என்று கேட்டார்கள். "சட்டம் சொன்னால் செய்யத்தானே வேணும்" என்று அவள் சொன்னாள்.

அப்படிச் சொன்னவள் இப்போது ஸ்டேஷனின் மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள்.

இன்ஸ்பெக்டர் வீடியோவிலிருந்து எடுத்த ஒரு படத்தை மேசையில் போட்டார். பெண்களின் உருவத்தைக் காகிதம் ஒட்டி மறைத்திருந்தார்கள். தண்ணீர்த் தாங்கியும் கொடியும் தெரிந்தன.

"எதற்காக எடுத்தாய்? விற்கவா?"

"நான் எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு, இந்த மொட்டைமாடியிலிருந்து முந்நூறு மீற்றர் தள்ளி ஒரு தொடர்மாடியின் சுவரைத்தான் எடுத்தேன். இருபத்தேழு நிமிடம். உங்களுக்குக் கடிதம் தந்திருக்கிறேன். உங்கள் முத்திரை குத்திய பிரதி என்னிடம் இருக்கிறது."

"கடிதம் தந்துவிட்டுக் களவு செய்கிறவர்களும் இருக்கிறார்கள்."

"ட்ரோனுக்குள்ளேயே போன பாதை பதிவாகியிருக்கும். திறந்து பாருங்கள்."

"அது உன் மெஷின் சொல்வது. உனக்குச் சாதகமாகத்தானே சொல்லும்?"

ஆரணி படத்தைத் தன் பக்கம் இழுத்தாள். நில அளவை செய்தவளின் கண் முதலில் நிழலைத்தான் தேடும். தாங்கியின் நிழல் கிழக்கே, கால்வாய்ப் பக்கமாக நீண்டு கிடந்தது.

"இதைப் பாருங்கள். காலையில் நிழல் மேற்கே, கடல் பக்கம் விழும். இது மறுபக்கம் விழுந்திருக்கிறது. இது பின்னேரம் எடுத்த படம். நாலு, நாலரை இருக்கும். அந்த நேரம் என் ட்ரோன் அலுமாரிக்குள் இருந்தது."

இன்ஸ்பெக்டர் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "நிழலையா வழக்குக்குக் கூட்டிக்கொண்டு வரப்போகிறாய்?"

எல்லோரும் சிரித்தார்கள். பெண் பொலிஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவள் இன்னும் அருவருப்போடுதான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆரணிக்கு அந்தச் சிரிப்பைவிட அந்தப் பார்வைதான் சுட்டது. ஒரு பெண் தன்னைப் பார்த்து, மற்றப் பெண்களை மறைந்திருந்து படமெடுத்தவள் இவள் என்று நம்புகிறாள்.

பின்னேரம் பிணையில் வீட்டுக்கு விட்டார்கள். அதற்கிடையில் யாரோ ஸ்டேஷனுக்குள்ளிருந்தே அவளுடைய பெயரை வெளியே விட்டிருந்தார்கள். ஒழுங்கைக்குள் நுழையும்போதே பலசரக்குக் கடைக்காரர் முகத்தைத் திருப்பினார். தொடர்மாடி லிஃப்டுக்குள் இருந்த ஒருத்தி, ஆரணி ஏறியதும் தன் மகளின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே இறங்கினாள். அடுத்த மூன்று நாளில் ஐந்து கட்டிடங்களின் நிர்வாகத்தினர் ஒவ்வொருவராக நேசமலரின் கைபேசிக்கு எடுத்துச் சொன்னார்கள். இனி வரவேண்டாம். பிரச்சினை முடியட்டும், பிறகு பார்ப்போம்.

"பிள்ளை, கொஞ்ச நாளைக்குச் சும்மா இரு" என்றாள் நேசமலர். "அவையோட கொளுவாத. மெஷினை விட்டுத் தள்ளு. வேற வேலை பார்க்கலாம்."

"நான் என்ன பிழை செய்தனான், அம்மா? சொல்லுங்கோ. என்ன பிழை?"

"பிழை செய்தனி எண்டு ஆர் சொன்னது? பிழை செய்யாமலும் கொண்டு போறவங்கள். எங்களுக்குத் தெரியாததே?"

"தெரியும். தெரிஞ்சுதானே எல்லாத்தையும் பதிஞ்சனான். சின்ன வயசில இருந்து பதிஞ்சுகொண்டுதானே இருக்கிறன். பதிஞ்ச படியாத்தான் இப்ப வந்து பிடிச்சிருக்கிறாங்கள்!"

கையில் இருந்த தேநீர்க் கோப்பையை ஆரணி மேசையில் வைத்த வேகத்தில் பிடி உடைந்து கையோடு வந்தது. நேசமலர் துணி எடுத்துக்கொண்டு வந்து மேசையைத் துடைத்தாள்.

திங்கட்கிழமை ஆரணி ட்ரோன் பதியும் கந்தோருக்குப் போனாள். அவளுக்கு ஒரு வழி தெளிவாகத் தெரிந்தது. ட்ரோனில் பொருத்திய கருவி விநாடிக்கு விநாடி அறிவித்ததெல்லாம் இந்தக் கந்தோரின் கணினியில்தான் வந்து சேர்கிறது. அதை எடுத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் முடிகிற விஷயம்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கணினியில் ஏதோ தட்டினார். திரையை அவள் பக்கம் திருப்பவில்லை.

"இருக்கிறது, மிஸ். உங்கள் ட்ரோனின் எல்லாப் பறப்பும் இருக்கிறது."

"அப்போ அதில் ஒரு பிரதி தாருங்கள்."

"தர முடியாது. அது பாதுகாப்புத் தேவைக்கு மட்டும். பொலிஸ் கேட்டால் கொடுப்போம்."

"என்னுடைய ட்ரோன். நான் போன பாதை. நான் பொருத்திய கருவி அனுப்பியது."

"விளங்குகிறது. ஆனால் உரிமையாளருக்குக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை."

"என்னைப் பிடிக்க இடமிருக்கிறது. என்னை விடுவிக்க இடமில்லை. அப்படித்தானே?"

அதிகாரி அடுத்த இலக்கத்தை அழைக்கும் பொத்தானை அமத்தினார். மணி அடித்தது. வரிசையில் நின்ற ஒருவர் ஆரணியை முட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

அங்கேயிருந்து நேரே ஸ்டேஷனுக்கு வந்தாள். "கந்தோரில் பாதை விபரம் இருக்கிறதாம். நீங்கள் கேட்டால் கொடுப்பார்களாம்" என்றாள். "கேட்டிருக்கிறோம். இன்னும் வரவில்லை" என்றார் இன்ஸ்பெக்டர். அடுத்த கிழமையும் அதே பதில். அதற்கடுத்த கிழமையும் அதே பதில். மூன்றாவது முறை, "நீ இப்படி வந்துகொண்டிருந்தால் வேலைக்கு இடைஞ்சல் என்று இன்னொரு வழக்கும் போடலாம்" என்று சொன்னார்.

ரிம்ஸான் வெளியே மர நிழலில் காத்துக்கொண்டு நின்றார். அவருக்கும் வேலையில்லை. ஆனாலும் அவள் ஸ்டேஷனுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் மருதானையிலிருந்து பஸ் ஏறி வந்தார்.

"மிஸ், நான் ஒண்டு செல்லட்டா? தகவல் கேக்குற சட்டம் ஒண்டு ஈக்கிதானே. எங்கட ஏரியாவில தண்ணி ஓடுற கான் வெட்டாம விட்டதுக்கு ஒரு டீச்சர் அதில எழுதித்தான் பதில் எடுத்தா. தரமாட்டேன் எண்டு வாயால செல்லுறத எழுத்தில செல்லச் சொல்லுங்க."

அன்றைக்கே ஆரணி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பம் எழுதினாள். தன்னுடைய ட்ரோனின் பறப்பு விபரம் வேண்டும், அது யாருக்கு, எந்தத் திகதியில் கொடுக்கப்பட்டது என்பதும் வேண்டும் என்று கேட்டாள். இரண்டாவதை அவள் பெரிதாக யோசித்துக் கேட்கவில்லை. கோபத்தில் கேட்டாள்.

பதில் வர நாளெடுக்கும். அதுவரை வீட்டில் இருக்க அவளால் முடியவில்லை. வீடியோவில் இருந்த அனுஷியா தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு, சாப்பிடும்போதும் உடுப்புத் தோய்க்கும்போதும் வந்து குத்தியது. போர்டிங்கில் விசாரித்தாள். வீடியோ வந்த கிழமையே அந்தப் பிள்ளை வேலையையும் விட்டு, கொட்டாஞ்சேனையில் துறைமுகத்தில் வேலை செய்கிற சித்தப்பாவின் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் ஆரணி அந்த வீட்டைக் கண்டுபிடித்தாள். கதவைத் திறந்த சித்தப்பா பழனிமுத்து, அவள் பெயரைச் சொன்னதும் கதவுக்குக் குறுக்கே கையை வைத்தார்.

"நீங்கதானா அது? எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வந்தீங்க? போயிருங்க. பொம்பளன்னு பாக்குறேன்."

"ஐயா, நான் அதை எடுக்கேல்லை. அவவோட அஞ்சு நிமிஷம் கதைக்க விடுங்கோ. பிறகு நீங்கள் சொன்னால் போறன்."

"பொலிசு சும்மாவா புடிச்சாங்க?"

"ஓம். சும்மாதான் பிடிச்சவங்கள்."

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "விடுங்க சித்தப்பா. வரட்டும். என்னதான் சொல்றாங்கன்னு கேப்போம்."

அனுஷியா கட்டிலில் இருந்தாள். இருபத்தாறு வயது. ஜன்னலைத் துணியால் மறைத்து ஆணி அடித்திருந்தது. ஆரணி நின்றபடியே நிழலைப் பற்றிச் சொன்னாள். கடிதத்தின் பிரதியைக் காட்டினாள். கந்தோரில் நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுடைய குரல் உயர்ந்துகொண்டே போனது. அனுஷியா முகம் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க எடுக்கலேன்னா, எடுத்தவன் இன்னும் வெளிய இருக்கான்" என்றாள் கடைசியில்.

"ஓம். அவனை ஒருத்தரும் தேடேல்லை. என்னைப் பிடிச்சதோட தேடுறதை விட்டிட்டாங்கள்."

அனுஷியா எழுந்து தன் கைபேசியை எடுத்தாள். "எல்லார்கிட்டயும் சுத்துறது வெட்டின வீடியோ. மொதல்ல வந்தது நீட்டமானது. கடையில கூட நிக்கிற புள்ள எனக்கு அனுப்பி, இது நீயான்னு கேட்டுச்சி. அழிக்கல. ஆனா முழுசா பாக்கவும் முடியல. பொலிசுல அது வேணும்னு யாரும் கேக்கவும் இல்ல."

ஆரணி ஓரடி முன்னால் வந்தாள். "உங்களைத் தெரியிற இடம் எனக்கு வேண்டாம். தொடக்கம் மட்டும் காட்டுங்கோ. நீங்களே பிடிச்சிருங்கோ, நீங்களே நிப்பாட்டுங்கோ."

ட்ரோன் எழும்பும் இடத்திலிருந்து வீடியோ தொடங்கியது. ஆறு விநாடி. ஒரு நீச்சல் குளம், அதன் தரையில் வெள்ளை ஓடுகளால் பதித்த மீன் உருவம், பக்கத்தில் சிவப்புக் கோடு போட்ட குடை. பிறகு குளம் சிறிதாகி, கூரைகள் வந்தன. அனுஷியாவின் பெருவிரல் அமத்தியது. படம் நின்றது.

அந்தக் குளத்தை ஆரணிக்குத் தெரியும். கடற்கரை வீதியில் உள்ள ஒரு தொடர்மாடியின் பதினான்காம் மாடி. போன வருடம் அந்தக் குளத்தின் கீழ்ச் சுவரில் ஒழுக்கு என்று அவளைக் கூப்பிட்டார்கள். அந்த மீனை அவளே மேலேயிருந்து படமெடுத்திருக்கிறாள். மேல் மாடி முழுவதும் ஒரே வீட்டுக்காரருக்குச் சொந்தம். கட்டிடம் கட்டும் பெரிய ஆள். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த மகன் ஒருவன் இருந்தான். ஆரணி அறிக்கை கொடுக்கப் போனபோது, தன்னிடம் இதைவிடப் பெரிய ட்ரோன் இருக்கிறது, பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தேன், எயார்போர்ட்டில் ஒருவரும் கேட்கவில்லை என்று பெருமையடித்தவன் அவன்தான்.

"என்னோட ஸ்டேஷனுக்கு வருவீங்களோ?" என்று ஆரணி கேட்டாள். "நான் சொன்னால் கேக்கமாட்டாங்கள். நீங்கள் சொன்னால் எழுதத்தான் வேணும்."

பழனிமுத்து குறுக்கிட்டார். "பெரிய எடம்னு சொல்றீங்க. இந்தப் புள்ள பட்டது பத்தாதா?"

அனுஷியா செருப்பை மாட்டினாள்.

ஸ்டேஷனில் ஆறு விநாடியையும் பார்த்த இன்ஸ்பெக்டரின் முகம் மாறியது. கட்டிடத்தை அவரும் கண்டுகொண்டார் என்று ஆரணிக்குத் தெரிந்தது. "இதைப் பார்ப்போம். நீங்கள் போகலாம்" என்றார்.

"எழுதுங்கள்" என்றாள் ஆரணி.

"பார்ப்போம் என்றேனே."

"புத்தகத்தில் எழுதுங்கள். எழுதும்வரை போகமாட்டோம்."

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு ஒரு கொன்ஸ்டபிள் வந்து எழுதினார். எழுதி முடித்து, கையெழுத்துப் போடச் சொல்லி அனுஷியாவிடம் தள்ளினார். அனுஷியாவுக்குச் சிங்களம் நன்றாகப் பேச வரும், வாசிக்க வராது. பேனையை எடுத்தவளின் கையை ஆரணி பிடித்தாள். சத்தமாக வாசித்தாள். ஸ்டேஷன் முழுவதும் கேட்கிற சத்தத்தில் வாசித்தாள். தொடர்மாடியின் பெயர் அதில் இல்லை. குளம் இல்லை. "அடையாளம் தெரியாத ஒரு கட்டிடம்" என்று இருந்தது.

"அடையாளம் தெரியாதாம்!" அவளுடைய குரல் உடைந்தது. "என்னை அடையாளம் தெரிந்ததுதானே? மாடி, வீட்டு இலக்கம், பதிவு இலக்கம் எல்லாம் தெரிந்ததுதானே? இதை மட்டும் ஏன் தெரியவில்லை? வெட்டுங்கள். வெட்டிவிட்டுப் பெயரை எழுதுங்கள்!"

முறைப்பாடு கொடுக்க வந்து வாங்கில் இருந்த சனம் எழும்பிப் பார்த்தது. அன்றைக்கு வந்த அதே பெண் பொலிஸ், மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தாள். கொன்ஸ்டபிளின் கையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். அனுஷியாவிடம் கட்டிடத்தின் பெயரையும் வீதியையும் கேட்டு, புதிதாக எழுதி, தானே வாசித்துக் காட்டினாள். ஆரணியின் பக்கம் திரும்பவேயில்லை. மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் எழுதினாள்.

எழுதியதைப் பிறகு மறைக்க முடியவில்லை. பதினோராம் நாள் அந்த மகனிடமிருந்து ட்ரோனை எடுத்தார்கள். அது பதியப்படாதது. அறிவிக்கும் கருவி அதில் இல்லை. சட்டத்தின் கணினியைப் பொறுத்தவரை அப்படி ஒரு ட்ரோன் அந்த வானத்தில் பறக்கவே இல்லை.

ஆரணியின் தகவல் விண்ணப்பத்துக்கு முதலில் மறுப்பு வந்தது. மேன்முறையீடு செய்தாள். மூன்றாம் மாதம் ஒரு கடித உறை வந்தது. உள்ளே இரண்டு தாள். முதலாவதில் அவளுடைய ட்ரோன் செவ்வாய்க்கிழமை போன பாதை, நீலக் கோடாக, அந்த ஒரு தொடர்மாடியைச் சுற்றிச் சுற்றி. காலை எட்டு முப்பத்திரண்டிலிருந்து எட்டு ஐம்பத்தொன்பது வரை. பின்னேரம் ஒரு பறப்பும் இல்லை. இரண்டாவது தாளில், இந்த விபரமும் அவளுடைய பெயர், முகவரியும் ஒரே கடிதத்தில் பொலிஸ் நிலையத்துக்கு அனுப்பப்பட்ட திகதி.

அவள் அதை மூன்று முறை வாசித்தாள். அது வியாழக்கிழமை. அவளுடைய வீட்டுக் கதவு மணி அடித்ததற்கு முதல் நாள். அவளுடைய பெயர் இருந்த தாளோடு, அவள் குற்றம் செய்யவில்லை என்று காட்டிய தாளும் ஒரே கடிதமாகப் போயிருந்தது. அவர்கள் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்கள். மற்றதைக் கோப்புக்குள் வைத்துவிட்டு, மூன்று கிழமை "இன்னும் வரவில்லை" என்றார்கள்.

நேசமலர் குசினியிலிருந்து வந்து பார்த்தபோது ஆரணி சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். "என்ன பிள்ளை?" என்று கேட்ட தாயிடம் தாளை நீட்டினாள். நேசமலர் கண்ணாடியைப் போட்டு ஆறுதலாக வாசித்தாள். வாசித்து முடித்ததும், இந்த மூன்று மாதமும் சும்மா இரு, சும்மா இரு என்று சொல்லிக்கொண்டிருந்தவள் வேறு சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"நட. நானும் வாறன்" என்றாள்.

ஸ்டேஷனில் அந்த இன்ஸ்பெக்டர் இருந்தார். நேசமலர் தாளை அவருடைய மேசையில் வைத்து, தன் கொச்சைச் சிங்களத்தில், "இந்தத் திகதியை வாசி" என்றாள். மரியாதைச் சொல் அவளுக்கு வராமல் போனதா, வேண்டுமென்றே விட்டாளா என்பது தெரியாது. அவர் வாசித்தார். "கிளார்க் பிழையாகக் கோவைப்படுத்திவிட்டார்" என்றார். "இதற்கு நான் என்ன செய்ய?"

"என்னுடைய பெயரைப் போட்ட அதே கடிதம்" என்றாள் ஆரணி. "பெயர் இருந்த தாளை மட்டும் உங்கள் கிளார்க் பிழை விடாமல் கொடுத்தாரா?"

இன்ஸ்பெக்டருக்கு எதிராக ஆரணி மேலிடத்துக்கு முறைப்பாடு எழுதினாள். விசாரணை நடக்கிறது என்று ஒரு கடிதம் வந்தது. அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அது தண்டனையா, வழக்கமான மாற்றமா என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

நீதவான் ஆரணியை வழக்கிலிருந்து விடுவித்தார். ட்ரோனைத் திருப்பிக் கொடுத்தார்கள். பற்றரிகள் வெடிக்கிற அளவுக்கு வீங்கியிருந்தன. கமராவைத் தாங்கும் கை ஒடிந்து கம்பியில் தொங்கியது. சாக்குக்கு மேல் வேறு சாக்கு வைத்திருப்பார்கள். இதற்குள் அதன் பதிவும் காலாவதியாகியிருந்தது. பொலிஸ் கையில் இருந்த மாதங்களில் பதிவைப் புதுப்பிக்கத் தவறியதற்குக் காரணம் எழுதித் தரும்படி கந்தோரில் கேட்டார்கள். ஆரணி ஒரு முழுத்தாளில் எழுதினாள். எழுதும்போது இரண்டு இடத்தில் பேனை தாளைக் கிழித்தது.

பழுதான ட்ரோனைத் திருத்த முடியவில்லை. வேறொன்றை வாங்கினாள். அதையும் பதிந்தாள். "ஏன் மிஸ் திரும்பவும்?" என்று ரிம்ஸான் கேட்டபோது, "வேலை செய்ய வேணுமே ரிம்ஸான் நானா. பதியாட்டி அதையே சாட்டாச் சொல்லிப் பிடிப்பாங்கள். பதிஞ்சாலும் பிடிப்பாங்கள். நான் பதிஞ்சிட்டே சண்டை பிடிக்கிறன்" என்றாள். ஐந்து கட்டிடங்களில் இரண்டு அவளைத் திரும்பக் கூப்பிட்டன. ஒரு கட்டிடத்தின் செயலாளர், "நாங்கள் அப்பவே நம்பேல்லை" என்று சிரித்துக்கொண்டு சொன்னார். "அப்ப ஏன் வரவேண்டாம் எண்டனீங்கள்?" என்று கேட்டாள். அவர் சிரிப்பதை நிறுத்தினார்.

பணக்கார மகனுக்கு எதிராக இரண்டு குற்றச்சாட்டு. பதியாத ட்ரோனைப் பறக்கவிட்டதை அவன் முதல் தவணையிலேயே ஒப்புக்கொண்டான். தண்டப்பணம் கட்டிவிட்டுப் பத்து நிமிடத்தில் வெளியே வந்தான். பெண்களைப் படமெடுத்துப் பரப்பியது மற்றது. அதை அவன் ஒப்புக்கொள்ளவில்லை. தவணைக்கு மேல் தவணை போகிறது. ஒவ்வொரு தவணைக்கும் கொட்டாஞ்சேனையிலிருந்து அனுஷியா வருவாள். ஆரணி அன்றைக்கு வேலை எடுக்கமாட்டாள். இருவரும் நீதிமன்ற விறாந்தையில் ஒரே வாங்கில் இருப்பார்கள்.

போன தவணையில் எதிர்த் தரப்புச் சட்டத்தரணி அந்த வாங்குக்குப் பக்கத்தில் வந்து அனுஷியாவின் பக்கம் குனிந்தார். அவரும் தமிழர்தான். மெல்லிய குரலில் பேசினார்.

"தங்கச்சி, அந்தப் பெடியனுக்கு வெளிநாட்டில வேலை சரிவந்திருக்கு. வயசுக் கோளாறில செய்திட்டான். வழக்கை இழுத்தால் திரும்பத் திரும்ப அந்த வீடியோவைத்தான் நீதிமன்றத்தில போட்டுக் காட்டுவினம். உங்களுக்குத்தான் வெக்கம். யோசியுங்கோ."

ஆரணி எழும்பப் பார்த்தாள். அனுஷியா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து இருத்தினாள்.

"போட்டுக் காட்டட்டுங்க சார்" என்றாள் அனுஷியா. சத்தமாகவே சொன்னாள். விறாந்தையில் நின்றவர்கள் திரும்பினார்கள். "நாலு பக்கமும் மறைச்சிட்டுக் குளிச்ச எனக்கு என்னா வெக்கம்? மேல ஏறி வந்து எடுத்தவனுக்குத்தான் வெக்கம். அவன் அம்மா அப்பா முன்னுக்கு போட்டுக் காட்டட்டும். நான் ஒக்காந்து பாக்குறேன்."

சட்டத்தரணி நிமிர்ந்து, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனார். உள்ளே வழக்கு இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். இருவரும் எழுந்து உள்ளே போனார்கள். ஐந்து நிமிடத்தில் அடுத்த தவணை குறித்தார்கள். ஓகஸ்ட் பன்னிரண்டு.

"வருவீங்கதானே அக்கா?" என்றாள் அனுஷியா.

"வராமல்?" என்றாள் ஆரணி.